விளக்கு எரியுது, கொஞ்சம் பொறுங்க!

(பட்டிமன்றத் தலைப்பு: வீட்டிலே ஒரு சிக்கல் தீரப் பெரிதும் தேவை அறிவே! பொறுமையே! ‘பொறுமையே’ என்ற அணியில் பேசியது.)

நடுவர் ஐயா அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! ‘அறிவே, அறிவே’ என்று இவ்வளவு நேரம் மேசையைத் தட்டித் தட்டிப் பேசிவிட்டு, இப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) குடிங்க, நிதானமாகக் குடிங்க. நாங்கள் பொறுமை அணி. காத்திருக்கிறோம். (சிரிப்பு, கைதட்டல்)

எனக்கு முன்னாலே பேசிய பேராசிரியர் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போனார். “பொறுமையா உட்கார்ந்திருந்தா பழுதான பொருள் தானாச் சரியாகிடுமாம்மா?” என்று கேட்டார். நல்ல கேள்விதான். அதற்கு நான் தத்துவம் எல்லாம் சொல்லப் போவதில்லை. எங்கள் வீட்டிலே நடந்த ஒரு கதையைச் சொல்கிறேன். பதில் அதிலேயே இருக்கிறது.

2024ஆம் வருஷம் மே மாதம். என் மகன் இன்ஜினியரிங் முதல் வருஷம் முடித்திருந்தான். முடித்திருந்தான் என்று சொல்லக்கூடாது. இரண்டு பேப்பர் அரியர் வைத்திருந்தான். (சிரிப்பு) அந்த நேரத்திலே வந்து, “அம்மா, எனக்குக் கம்ப்யூட்டர் வேணும். ஆனா கடையிலே பண்ணினது வேண்டாம். பார்ட்ஸ் வாங்கி நானே மாட்டப் போறேன்” என்கிறான். எங்க வீட்டுக்காரர் பேப்பரை இறக்கி, கண்ணாடிக்கு மேலே பார்த்தார். “முதல்லே அந்த ரெண்டு பேப்பரை மாட்டுடா. அப்புறம் கம்ப்யூட்டரை மாட்டலாம்” என்றார். (சிரிப்பு)

நான் தாயாச்சே! சீட்டு எடுத்த பணம் 40,000 ரூபாயைக் கொடுத்தேன். அவன் பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்தது 20,000. சென்னை ரிச்சி தெருவுக்குப் போனான். மதர்போர்டு, பிராசஸர், மெமரி, பவர் சப்ளை, கேபினட் எல்லாம் தனித்தனி அட்டைப்பெட்டியிலே வந்து இறங்கியது. கல்யாணச் சீர்வரிசை மாதிரி ஹாலிலே பரப்பி வைத்தான். சும்மா சொல்லக்கூடாது, பக்தியோடு செய்தான். உடம்பிலே இருக்கிற மின்சாரம் சில்லுகளைக் கெடுத்துவிடக்கூடாது என்று, ஒவ்வொரு தடவையும் இரும்புப் பெட்டியைத் தொட்டுவிட்டுத்தான் பொருளைத் தொட்டான். பிராசஸர் உட்காருகிற இடத்திலே 1718 ஊசிகள். எள் முனை அளவு. ஒன்று வளைந்தாலும் போச்சு. மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திறப்பு விழா. என் கொழுந்தனார் குடும்பம், என் தம்பி, பக்கத்து வீட்டார் எல்லாரும் வந்தாச்சு. கேசரி கூடப் பண்ணியாச்சு. (சிரிப்பு) சுவிட்சைப் போட்டான். விர்ர் என்று காத்தாடி சுற்றியது. கலர் கலரா விளக்கு எரிந்தது. எல்லாரும் கை தட்டினோம். ஆனால் திரை? கறுப்பு. அமாவாசைக் கறுப்பு.

பத்து விநாடி, இருபது விநாடி, முப்பது விநாடி. ஒன்றும் வரவில்லை. அணைத்தான். மறுபடியும் போட்டான். காத்தாடி சுற்றியது, திரை கறுப்பு. எங்க வீட்டுக்காரர் எழுந்தார். “அறுபதாயிரம் ரூபாய்க்கு டேபிள் ஃபேன் வாங்கியிருக்கான்” என்றார். (பலத்த சிரிப்பு)

நீங்கள் சிரிக்கிறீர்கள். அன்றைக்கு அங்கே இருந்தவர்களும் சிரித்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். சிரிப்பு அடங்கினதும் அவர் இன்னொரு வார்த்தை சொன்னார். “இவனும் அதே மாதிரிதான். காத்தாடி மட்டும் சுத்தும். உள்ளே ஒண்ணும் ஓடாது” என்றார்.

நடுவர் ஐயா, அதற்கு யாரும் சிரிக்கவில்லை. பையன் தலையைக் குனிந்துகொண்டு ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அழுக்கே இல்லாத ஸ்க்ரூ டிரைவர். அன்றைக்கு ராத்திரி சாப்பிட வரவில்லை. மறுநாளும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. கெட்டுப் போனது கம்ப்யூட்டர் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

திங்கட்கிழமை வந்தார்கள் ஐயா, எதிரணிக்காரர்கள்! அதாவது, அறிவாளிகள். (சிரிப்பு) என் கொழுந்தனார் மின்சாரத் துறையிலே இருக்கிறவர். பார்த்ததும், “பவர் சப்ளை போச்சு” என்றார். பக்கத்து வீட்டுப் பையன் கம்ப்யூட்டர் படிக்கிறவன். மெமரியைக் கழற்றி மறுபடி மாட்டினான். டக், டக் என்று இரண்டு சத்தம் கேட்டது. சுவிட்சைப் போட்டான். அரை நிமிஷம் பார்த்தான். அணைத்தான். “ஆன்ட்டி, பிராசஸர் அவுட்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். என் தம்பி, “மதர்போர்டிலே காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், அதைக் கழற்றி மாட்டினா எல்லாம் பழைய நிலைக்கு வந்துடும்” என்றான். 3 வோல்ட் பேட்டரி. கழற்றினோம், மாட்டினோம். போட்டோம். அரை நிமிஷம் பார்த்தோம். அணைத்தோம். எங்க வீட்டுக்காரர், “கடையிலே ஏமாத்திட்டான்” என்றார்.

நாலு பேர். நாலு பேருக்கும் அறிவு இருக்கிறது. நாலு தீர்ப்பு! யாராவது ஒருத்தர் ஒரு நிமிஷம் அந்த எந்திரத்தைப் பார்த்து, “உனக்கு என்னப்பா பண்ணுது?” என்று கேட்டார்களா? கேட்கவில்லை.

ஏன் சொல்கிறேன் என்றால், அது வாய் திறந்து சொல்லும். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் போனதும் அது முதலிலே செய்கிற வேலை என்ன தெரியுமா? தன்னைத்தானே பரிசோதனை பண்ணிக்கொள்வது. பிராசஸர் இருக்கா, மெமரி இருக்கா, திரைக்குப் படம் அனுப்புகிற பகுதி இருக்கா என்று வரிசையாகப் பார்க்கும். 1981லே ஐ.பி.எம். பி.சி. வந்தபோதே இந்தப் பழக்கம் உண்டு. எல்லாம் சரியாக இருந்தால் ஒரு சின்ன ‘பீப்’. கோளாறு இருந்தால் வேறு விதமான சத்தம். இப்போது நிறைய மதர்போர்டுகளிலே சத்தத்துக்குப் பதிலாக நாலு பொடி விளக்கு வைத்திருக்கிறார்கள். பிராசஸருக்கு ஒன்று, மெமரிக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று, உள்ளே ஏற்ற வேண்டிய சரக்கு இருக்கிற டிஸ்க்குக்கு ஒன்று. எந்த இடத்திலே பரிசோதனை நிற்கிறதோ அந்த விளக்கு எரிந்துகொண்டு நிற்கும். எங்கள் வீட்டு எந்திரத்திலே ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மெமரி விளக்கு எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. கலர் கலரா இருந்த மற்ற விளக்கிலே அது யார் கண்ணுக்கும் படவில்லை.

செவ்வாய்க்கிழமை ராத்திரி பதினோரு மணி. பையன் தனியாக ஹாலிலே உட்கார்ந்திருக்கிறான். நான் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்திலே உட்கார்ந்தேன். “நீ செய். நான் எழுதறேன். ஒரு தடவைக்கு ஒண்ணே ஒண்ணுதான் மாத்தணும். ரெண்டை மாத்தினா எதனாலே சரியாச்சுன்னு தெரியாது” என்றேன். இது எனக்கு எப்படித் தெரியும்? நான் இருபது வருஷமாகக் குழம்பு வைக்கிறேன். (சிரிப்பு) உப்பையும் புளியையும் ஒரே நேரத்திலே போட்டுவிட்டு, எது கூடிப்போச்சு என்று கேட்டால் யார் சொல்லுவது? (கைதட்டல்)

நான் தமிழாசிரியை. வள்ளுவர் மருந்து அதிகாரத்திலே, 948ஆவது குறளிலே என்ன சொல்கிறார்? நோய் என்ன என்று முதலிலே பார். அது எதனாலே வந்தது என்று பார். தீர்க்கும் வழியைப் பார். அதற்கப்புறம் பொருத்தமாகச் செய் என்கிறார். ‘செய்’ என்பது கடைசியிலே வருகிறது ஐயா! எங்கள் வீட்டு அறிவாளிகள் எல்லாரும் கடைசிச் சொல்லிலிருந்து ஆரம்பித்தார்கள். (பலத்த கைதட்டல்)

வரிசையாகப் பார்த்தோம். முதலிலே சுவரிலே பிளக். சரி. பவர் சப்ளையின் பின்னால் இருக்கிற சுவிட்ச். சரி. மானிட்டர் வயர். சரி. பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு உள்ளே பார்த்தோம். மதர்போர்டுக்கு 24 ஊசி உள்ள பெரிய வயர் ஒன்று போகிறது. அது போதாது. பிராசஸருக்கென்று மூலையிலே 8 ஊசி உள்ள வயர் தனியாகப் போகணும். அதை மறந்தால் காத்தாடி சுற்றும், திரை வராது. நிறையப் பேர் அங்கேதான் கோட்டை விடுகிறார்களாம். இவன் விடவில்லை. சரி என்று எழுதினேன்.

அப்புறம் பலகையையே கேபினட்டிலிருந்து வெளியே எடுத்தான். பலகைக்குக் கீழே பித்தளைத் திருகு தாங்கிகள் இருக்கும். தேவையில்லாத இடத்திலே ஒன்று இருந்து முதுகிலே இடித்தால் ஷார்ட் ஆகும். அப்படியும் ஒன்றும் இல்லை. சரி. பலகை வந்த அட்டைப்பெட்டி மேலேயே பலகையை வைத்தான். மேலே பிராசஸர், அதன் காத்தாடி, ஒரே ஒரு மெமரி. அவ்வளவுதான். எது இல்லாமல் உயிர் வராதோ அதை மட்டும் வைத்தான். கூட்டுக் குடும்பத்திலே சண்டை வந்தால் புருஷன் பெண்டாட்டியை மட்டும் தனியாக உட்கார வைத்துப் பேசுகிற மாதிரி. (சிரிப்பு)

மெமரியை நாலு வரிசையிலே, புத்தகத்திலே போட்டிருந்தபடி பிராசஸரிலிருந்து இரண்டாவது வரிசையிலே மாட்டினான். இரண்டு முனையையும் அழுத்தினான். டக், டக். அப்போதுதான் சொன்னான். “அம்மா, ஞாயித்துக்கிழமை நான் மாட்டினப்போ ஒரு சத்தம்தான் கேட்டது. பலகை உடைஞ்சிடுமோன்னு பயந்து அழுத்தாம விட்டுட்டேன்.” பாருங்கள், தப்பு செய்ததினாலே இல்லை, பயந்ததினாலே பாதியிலே நின்றிருக்கிறது.

கரண்டைப் போட்டான். காத்தாடி சுற்றியது. அதே மெமரி விளக்கு எரிந்தது. திரை கறுப்பு. பையன் முகம் விழுந்துவிட்டது. “அதே லைட்டுதாம்மா. அப்பா சொன்னது சரிதான்” என்று சொல்லிவிட்டு அணைக்கக் கையை நீட்டினான்.

எனக்கு மனசு கேட்கவில்லை. “டேய், தொடாதே. நான் போய்க் காபி போட்டுக்கிட்டு வர்றேன். நான் வர்ற வரைக்கும் அதை அப்படியே விடு” என்றேன். இங்கே ஒரு உண்மையை ஒத்துக்கொள்கிறேன் ஐயா. அது எந்திரத்துக்காகச் சொன்னது இல்லை. பிள்ளைக்காகச் சொன்னது. உள்ளே போனால் டிகாக்ஷன் தீர்ந்துபோயிருக்கிறது. (சிரிப்பு) தண்ணீர் கொதிக்கணும், பொடி போடணும், ஃபில்டரிலே சொட்டுச் சொட்டாக இறங்கணும். அவசரப்பட்டு ஃபில்டரைத் தட்டினால் இறங்குமா? தட்டாமல் நின்றேன்.

“அம்மா!” என்று ஒரு சத்தம். ஓடி வந்தேன். திரையிலே வெளிச்சம். பிராசஸர் பெயர், மெமரி 16 ஜி.பி. என்று எழுத்து எழுத்தாக நிற்கிறது. பையன் நாற்காலியிலே இல்லை. தரையிலே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு இருக்கிறான். (கைதட்டல்)

என்ன நடந்தது? இந்தக் காலத்து டி.டி.ஆர். 5 மெமரி இருக்கிறதே, பிராசஸருக்கும் அதற்கும் நடுவே ஒவ்வொரு கம்பியிலும் விநாடிக்கு 560 கோடி தடவை செய்தி போகிற வேகத்திலே எங்களுடையது ஓடுகிறது. முதன்முதலாக இரண்டையும் சேர்த்து வைத்தால், எந்தக் கம்பியிலே எந்த நொடியிலே கேட்கணும் என்று அவை பழகிக்கொள்ளணும். அனுப்பிப் பார்க்கும், கேட்டுப் பார்க்கும், திருத்தும், மறுபடி அனுப்பும். அதற்குச் சில நிமிஷம் ஆகலாம். மெமரி பெரிதாக இருந்தால் இன்னும் அதிகம் ஆகும். அத்தனை நேரமும் திரை கறுப்பாகத்தான் இருக்கும். மெமரி விளக்கும் எரியும். ஒரு தடவை பழகிவிட்டால் நினைவு வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை சீக்கிரம் வரும்.

அப்படியென்றால் திங்கட்கிழமை பக்கத்து வீட்டுப் பையன் டக், டக் என்று மாட்டினானே, அப்போதே கோளாறு தீர்ந்துபோச்சு! அறிவு தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது, எதிரணி நண்பர்களே, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தீர்ந்தது என்று தெரிந்துகொள்ளச் சில நிமிஷம் தேவைப்பட்டது. நாங்கள் கொடுத்தது முப்பது விநாடி. அது பாடம் படிக்க ஆரம்பிக்கும், நாங்கள் அணைப்போம். மறுபடி அ, ஆவிலிருந்து ஆரம்பிக்கும், அணைப்போம். என் தம்பி பேட்டரியைப் பிடுங்கினானே, அதுவும் அப்படித்தான். ஏதாவது கொஞ்சம் மனசிலே வைத்திருந்தாலும் அதையும் அழித்துவிட்டு முதலிலிருந்து படி என்று உட்கார வைத்தது! (சிரிப்பு) அது கெட்டுப் போன எந்திரம் இல்லை ஐயா. கற்றுக்கொண்டிருந்த எந்திரம். (பலத்த கைதட்டல்)

இன்னும் கேளுங்கள். இந்த வகை மதர்போர்டுகள் 2022லே வந்தபோது, “முதல் தடவை நேரமாகும், காத்திருங்கள்” என்று சிலவற்றிலே தயாரித்தவர்களே தாள் ஒட்டி அனுப்பினார்கள். எங்கே ஒட்டினார்கள்? மெமரி மாட்டுகிற இடத்து மேலேயே! எங்கள் பலகையிலும் அந்தத் தாள் இருந்திருக்கிறது. என் மகன் என்ன செய்தான்? அதைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் மெமரியை மாட்டியிருக்கிறான். (பலத்த சிரிப்பு) அறிவு அச்சடித்து வீட்டுக்கே வந்துவிட்டது. படிப்பதற்குத்தான் பொறுமை வரவில்லை!

பேராசிரியர் ஐயா, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பொறுமை என்றால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்காருவது இல்லை. கருகல் வாசனை வந்தால், புகை வந்தால், நானும் உடனே பிளக்கைத்தான் பிடுங்குவேன். அங்கே போய்ப் பொறுமை பேசமாட்டேன். (சிரிப்பு) பொறுமை என்றால், முடிவு கட்டுவதற்கு முன்னாலே கேட்பது. ஒரு நேரத்திலே ஒன்றை மட்டும் மாற்றுவது. மாற்றியது வேலை செய்ய எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் கொடுப்பது. இது இல்லாத அறிவு, சரியாக வைத்தியம் பண்ணிவிட்டு, மருந்து வேலை செய்வதற்குள்ளே வேறு மருந்து கொடுக்கிற வைத்தியர் மாதிரி.

நடுவர் மணியைத் தொடுகிறார். ஒரு நிமிஷம் ஐயா. டிகாக்ஷன் இறங்குகிற நேரம்தான். (சிரிப்பு)

மறுநாள் காலையிலே எங்க வீட்டுக்காரர் ஹாலுக்கு வந்தார். திரை எரிந்துகொண்டிருக்கிறது. பையன் தரையிலேயே தூங்குகிறான். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. குப்பையிலே கிடந்த அந்தக் கிழிந்த தாளை எடுத்தார். இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்துப் படித்தார். மடித்துச் சட்டைப் பையிலே வைத்துக்கொண்டார். தூங்குகிற பிள்ளை மேலே ஒரு போர்வையைப் போட்டார். “உள்ளே ஒண்ணும் ஓடாதுன்னு சொல்லிட்டேனே” என்றார். அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்கிற அப்பாக்கள் எங்கள் ஊர்ப் பக்கம் அதிகம் இல்லை. அந்தப் போர்வைதான் மன்னிப்பு.

2025 தொடக்கத்திலே ரிசல்ட் வந்தது. இரண்டு அரியரிலே ஒன்று பாஸ். ஒன்று மறுபடியும் போச்சு. பையன் வாசலிலேயே நிற்கிறான், உள்ளே வரவில்லை. முன்னேயாக இருந்தால் வீடு அதிர்ந்திருக்கும். எங்க வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்தார். பக்கத்திலே நாற்காலியை இழுத்துப் போட்டார். “வாடா, உட்காரு. எந்த இடத்திலே விளக்கு எரியுதுன்னு பார்ப்போம்” என்றார்.

(நீண்ட கைதட்டல்)

நடுவர் ஐயா, நம் வீடுகளிலே இப்படி எத்தனை பிள்ளைகள்! வெளியே இருந்து பார்த்தால் கறுப்புத் திரை. உள்ளே ஏதோ ஒன்று பழகிக்கொண்டிருக்கிறது. நாம் முப்பது விநாடி பார்த்துவிட்டு, “அவுட்” என்று சொல்லி அணைத்துவிடுகிறோம். அணைத்துப் போட்டு, அணைத்துப் போட்டு, அது படிக்கவே இல்லை என்று அதன் மேலேயே பழியும் போடுகிறோம். ஒரு காபி போடுகிற நேரம் காத்திருந்தால் போதும்.

ஆகவே, வீட்டிலே ஒரு சிக்கல் தீரப் பெரிதும் தேவை பொறுமையே, பொறுமையே என்று நல்ல தீர்ப்பைத் தாருங்கள். அவசரம் இல்லை, யோசித்தே தாருங்கள். (சிரிப்பு)

(பலத்த கைதட்டல்)